அபார்ட்ஹெய்ட் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

தென்னாப்பிரிக்காவில் 1948-இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, நிறத்தின்படி மக்களைப் பிரித்து வைப்பதையே அரசுக் கொள்கையாக ஆக்கி, அதற்கு அபார்ட்ஹெய்ட் என்று பெயர் வைத்தது. தமிழ் இதழ்களில் இச்சொல் அபார்தீட் என்றும் அபார்தைட் என்றும் அச்சாவதைப் பார்க்கிறோம். அந்தத் தகரத்துக்கு மூலச்சொல்லில் இடமில்லை. 'அபார்ட்' என்பதன் ஈற்று டகரமும் 'ஹெய்ட்' என்ற விகுதியின் முதல் ஒலியான ஹகரமும் ரோமன் எழுத்தில் அடுத்தடுத்து நிற்பதால், இரண்டையும் சேர்த்துத் தகரமாகப் படித்துவிடுகிறோம்.

சொல் ஆஃப்ரிகான்ஸ் மொழியினுடையது. அது தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் பேச்சிலிருந்து கிளைத்த மொழி. டச்சுக்காரர்கள் 'அபார்ட்' என்பதைப் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் 'அ பார்' என்றால் 'ஒரு பக்கமாக' என்று பொருள். திருநெல்வேலிப் பக்கம் ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும் வீட்டை 'ஒதுக்குப்புறமா இருக்கு' என்று சொல்வோமே, ஏறத்தாழ அதே பொருள்தான். 'ஹெய்ட்' என்பது பண்பைக் குறிக்கும் விகுதி. தமிழில் 'மை' செய்யும் வேலையை அது அங்கே செய்கிறது. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தனி என்பதோடு மை சேர்ந்து 'தனிமை' என்றே வரும். ஆனால் தனிமை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அந்தி சாய்ந்தபின் ஆற்றுப் படித்துறையில் ஒற்றையாளாக உட்கார்ந்திருப்பவரே தவிர, ஒரு நாட்டின் சட்டப்புத்தகம் அன்று.

அது சட்டப்புத்தகமாகத்தான் இருந்தது. 1950-இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தின்கீழ்ப் பதிந்தது. யார் எந்த இனம் என்று ஐயம் எழுந்தால், தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகிப் பார்க்கும் வழக்கமும் இருந்தது. பென்சில் வழுக்கி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் அல்லர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் வெவ்வேறு இனமாகப் பதிவானதும் நடந்தது. அதே ஆண்டில் வந்த குழுப் பகுதிகள் சட்டம், எந்த இனத்தார் எந்தத் தெருவில் வாழலாம் என்பதை வரையறுத்தது. கேப் டவுனின் ஆறாம் வட்டம் 1966-இல் வெள்ளையர் பகுதியென அறிவிக்கப்பட்டு, அங்கிருந்து 60,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குக் கப்பலேறிய தமிழரின் வழிவந்தோரும் டர்பனில் இதே சட்டத்தால் வீடிழந்து சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள்.

இதற்குத் தமிழில் வழங்கும் சொற்களுள் 'நிறவெறி' மிகப் பரவலானது. மேடைக்கு அது பொருந்தும், விளக்கத்துக்குப் போதாது. வெறி என்பது தலைக்கேறி இறங்கக்கூடியது. பென்சிலும் பதிவேடும் வைத்துக்கொண்டு அலுவலக நேரத்தில் நிதானமாக நடத்தப்பட்ட காரியத்தை வெறி என்று சொன்னால், அதன் நிதானம் மறைந்துபோகிறது. 'இனப் பாகுபாடு' என்பது அதைவிட அகன்ற பொருளுடையது. வேலை கொடுக்க மறுப்பதும் அதில் அடங்கும், வாடகைக்கு வீடு தர மறுப்பதும் அடங்கும். 'தனிமைப்படுத்தல்' 2020-இல் கொரோனாவுக்குப் போய்விட்டது, இனி அது திரும்பி வராது. சிலர் 'இன ஒதுக்கீடு' என்று எழுதிவிடுகிறார்கள். இது கவனிக்க வேண்டிய பிழை: ஒதுக்கீடு என்பது ஒருவருக்கென்று எடுத்து வைப்பது, ஒதுக்கல் என்பது ஒருவரை எடுத்து வெளியே வைப்பது. இட ஒதுக்கீட்டையும் இன ஒதுக்கலையும் ஒரே சொல்லால் குறித்தால், நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயரிட்டதாகிவிடும்.

'இன ஒதுக்கல்' என்பதே பொருத்தமான சொல் என்பது என் துணிபு. அதற்கு முதன்மையான காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. ஒதுங்கு என்பது தன்வினை, ஒதுக்கு என்பது பிறவினை. திருந்து, திருத்து என்பது போலவும் அடங்கு, அடக்கு என்பது போலவும், மெல்லெழுத்து வல்லெழுத்தாகும்போது செய்கிற ஆள் மாறிவிடுகிறார். மழைக்கு நாம் ஒதுங்குகிறோம். பந்தியிலிருந்து நம்மை இன்னொருவர் ஒதுக்குகிறார். தென்னாப்பிரிக்க ஆட்சியாளர்கள் பிற்காலத்தில் தங்கள் கொள்கைக்குத் 'தனித்தனி வளர்ச்சி' என்று பெயர் மாற்றியபோது செய்த தந்திரம் இதுதான்: பிறவினையைத் தன்வினையாகக் காட்டுவது. அவரவர் அவரவர் இடத்தில் ஒதுங்கி வாழ்கிறார்கள், நாங்கள் யாரையும் ஒதுக்கவில்லை என்பது அதன் உட்பொருள்.

இந்தத் தந்திரம் நமக்குப் புதியதன்று. சிறுவயதில் எங்கள் பக்கத்து ஊர் டீக்கடை ஒன்றில், பெஞ்சு காலியாகக் கிடக்க, நடவு வேலை முடித்து வந்த நாலைந்து பேர் வேப்பமரத்தடியில் குத்தவைத்து டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். குடித்து முடித்ததும் அவர்களே டம்ளரைக் கழுவி, கூரையில் செருகியிருந்த கம்பியில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். மற்றவர்களின் கண்ணாடி டம்ளர்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தன. ஏன் இப்படி என்று கேட்டதற்குக் கடைக்காரர், "நாம ஒண்ணுஞ் சொல்லதில்ல தம்பி, அவங்களாத்தான் ஒதுங்கி நிக்காங்க" என்றார். அவர் குரலில் பொய் சொல்லும் தயக்கம் சற்றும் இல்லை. கம்பியை அங்கே செருகியவர் யார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

இதே கேள்வி நூறு ஆண்டுக்கு முன் தாமிரபரணிக் கரையில், சேரன்மாதேவியில், நாடறியக் கேட்கப்பட்டது. வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய தமிழ்க் குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் ஒதுக்கி, அதில் 5,000 ரூபாயைக் கொடுத்தும் இருந்தது. (பணம் ஒதுக்குவது ஒதுக்கீடு என்பதை இங்கே கவனிக்கலாம்.) பொதுப்பணம் பெற்ற அந்த இடத்தில் பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்படுவது 1924-இல் வெளியே தெரிந்தது. பெற்றோர் விருப்பத்துக்கிணங்க அவர்கள் தனியே உண்கிறார்கள் என்பது குருகுலத்தின் விளக்கம். அப்போது காங்கிரஸ் தலைவர்களாக இருந்த டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. இருவர் ஒதுங்கி உண்டால் மீதமுள்ளவர்கள் ஒதுக்கப்பட்டவர்கள் ஆகிறார்கள் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். அந்த இருவரும் இருக்கும்வரை இருக்கட்டும், இனி இப்படிப்பட்ட நிபந்தனையோடு எவரையும் சேர்க்க வேண்டாம் என்ற காந்தியின் சமரசமும் சச்சரவைத் தணிக்கவில்லை. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்ற முயன்று உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். வெள்ளையரை எதிர்த்து ஆயுதப் பயிற்சி வரை போன ஐயர் ஒரு சாப்பாட்டுப் பந்தியில் தடுக்கி நின்றது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. ஆனாலும் கேள்வி கேட்டவர்கள் பக்கமே நியாயம் இருந்தது.

தென்னாப்பிரிக்கப் போராட்டம் செய்ததையும் இந்த இலக்கணத்தில் வைத்துப் பார்க்கலாம். 1952 ஜூன் 26-இல் தொடங்கிய சட்ட மீறல் இயக்கத்தில், ஆப்பிரிக்கரும் இந்திய வம்சாவளியினரும் சேர்ந்து 'வெள்ளையருக்கு மட்டும்' என்று எழுதிய வாசல்களில் வேண்டுமென்றே நுழைந்தார்கள். 8,000-க்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். ஒதுங்கி நிற்க மறுத்தால்தான் ஒதுக்குகிற கை கண்ணுக்குத் தெரியும் என்பது அவர்கள் கண்ட வழி. 1960 மார்ச் 21-இல் ஷார்ப்வில்லில், கறுப்பர்கள் எப்போதும் அனுமதிச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள்மீது போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தபோது, அந்தக் கையை உலகமே பார்த்தது. 1973-இல் ஐ.நா. பொதுச்சபை அபார்ட்ஹெய்ட்டைக் குற்றமென வரையறுக்கும் ஒப்பந்தத்தை ஏற்றது. ஒரு கொள்கை குற்றமானவுடன் அதற்கு ஓர் எழுவாய் வேண்டியதாகிறது. குற்றம் தானாக நடப்பதில்லை. 1994 ஏப்ரலில் எல்லா நிறத்தாரும் வாக்களித்தபின், 1996-இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் விசாரணையைத் தொடங்கி, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டது.

ஆகவே எழுதும்போது, 'தென்னாப்பிரிக்காவில் இன ஒதுக்கல் நிலவியது' என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். நிலவுவது பனியும் குளிரும். 'வெள்ளையர் ஆட்சி இன ஒதுக்கலை நடத்தியது', 'இன ஒதுக்கலுக்கு ஆளானவர்கள்' என்று எழுதினால் சொல்லின் பிறவினை வாக்கியத்திலும் நிற்கும்.