தொல்காந்தவியல்: சொல்லும் பொருளும்

பாறைகள் உருவான காலத்தில் நிலவிய புவிக்காந்தப் புலத்தின் திசையையும் வலிமையையும், அப்பாறைகளில் இன்றும் எஞ்சியிருக்கும் காந்தத்தன்மையைக் கொண்டு அறியும் துறையே பேலியோமேக்னடிசம். இதற்குத் தமிழில் தொல்காந்தவியல் என்பது பொருத்தமான சொல். பழங்காந்தவியல் என்று எழுதினாலும் பொருள் மாறாது. ஆயினும் தொல்லுயிரியல், தொல்தாவரவியல் ஆகிய சொற்களில் ‘தொல்’ என்னும் முன்னொட்டு ஏற்கெனவே புவியியற் காலத்தைக் குறித்து நிற்பதால், அந்த வரிசையில் இதையும் சேர்ப்பதே சீரானது.

மூலச்சொல்லின் முதற்பகுதி, ‘பழைய’ என்று பொருள்படும் பலாயோஸ் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிற்பகுதி ‘மக்னீசியா நிலத்துக் கல்’ என்ற கிரேக்க வழக்கிலிருந்து பிறந்தது. ஆக, ஐரோப்பிய மொழிகளில் காந்தத்தின் பெயர் ஓர் இடப்பெயர். நம் வழக்கிலுள்ள காந்தம் வேறு வழியில் வந்தது: இரும்பின் அன்புக்குரியது என்று பொருள்படும் அயஸ்காந்தம் என்னும் வடசொல் சுருங்கிக் காந்தம் ஆயிற்று. எரிதலைக் குறிக்கும் ‘காந்துதல்’ என்ற தமிழ் வினைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எரிமலைக் குழம்பு வெளிப்படும்போது அதற்கு நிலையான காந்தத்தன்மை கிடையாது. அது குளிர்ந்து இறுகி, அதிலுள்ள மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமத்தின் துகள்கள் 580 பாகை செல்சியசுக்குக் கீழே வரும்போது, அக்கணத்தில் அங்கே நிலவும் புவிக்காந்தப் புலத்தின் திசையில் காந்தமேறி, மேலும் குளிர்ந்ததும் அத்திசையிலேயே உறைந்துவிடுகின்றன. ஹேமடைட் என்னும் மற்றோர் இரும்புக் கனிமத்துக்கு இந்த எல்லை ஏறத்தாழ 675 பாகை. கியூரி வெப்பநிலை என்று நாம் படிப்பது இதைத்தான். நீர்நிலைகளின் அடியில் படியும் வண்டலிலும் காந்தத் துகள்கள் புலத்தின் திசையில் திரும்பிப் படிகின்றன. ஆனால் அந்தப் பதிவு எரிமலைப் பாறையின் பதிவைவிட மிக நலிந்தது. இவ்வாறு தங்கிவிடும் காந்தத்தன்மைக்கு எச்சக் காந்தம் என்று பெயர். வெசுவியஸ் எரிமலையின் பாறைகள் இப்படிக் காந்தமேறியிருப்பதை இத்தாலிய இயற்பியலாளர் மெலோனி 1853இலேயே எடுத்துக்காட்டினார்.

எச்சக் காந்தத்தின் திசையை இரண்டு கோணங்களாகப் பிரித்துச் சொல்வர். புவியியல் வடக்கிலிருந்து பக்கவாட்டில் விலகும் அளவு காந்த ஒதுக்கம். கிடைமட்டத்திலிருந்து கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ சாயும் அளவு காந்தச் சரிவு. கண்டங்களின் வரலாற்றைத் தேடுவோர்க்குப் பெரிதும் கைகொடுப்பது சரிவுதான். நில நடுக்கோட்டில் சரிவு சுழி, துருவத்தில் 90 பாகை. இடைப்பட்ட இடங்களில் சரிவுக் கோணத்தின் டேன்ஜென்ட், அகலாங்கின் டேன்ஜென்ட்டைப் போல இருமடங்கு. ஒரு பாறையில் 49 பாகைச் சரிவு பதிந்திருந்தால், அது உருவானபோது ஏறத்தாழ 30 பாகை அகலாங்கில் இருந்தது என்று இந்த ஒரே சமன்பாடு சொல்லிவிடும். இவ்வாறு பெறும் அகலாங்கைத் தொல்லகலாங்கு எனலாம்.

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிப் பரவிய தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறைகள் இதற்கு மிகச் சிறந்த சான்று. கிளெக்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1956இல் அவற்றின் காந்தத்தை அளந்து வெளியிட்டனர். இர்விங்கும் அதே பத்தாண்டில் அவற்றை ஆராய்ந்தார். வடக்கு நோக்கிய திசையோடு மேல்நோக்கிய சரிவு அந்தப் பாறைகளிற் சிலவற்றில் காணப்பட்டது. இன்றைய புலத்தில் அப்படி அமைவது தென் அரைக்கோளத்தில்தான். இந்திய நிலம் நில நடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் இருந்தபோது இப்பாறைகள் இறுகின என்பதும், பின்னரே வடக்கே நகர்ந்தது என்பதும் இதனால் தெளிவாயிற்று. புவியின் மேற்பகுதி தனித்தனித் தட்டுகளாக நகர்கிறது என்று விளக்கும் தட்டுப் புவிப்பொறையியல் என்னும் கொள்கை உருவாவதற்கு முன்பே இம்முடிவு எட்டப்பட்டது என்பதை நான் சிறப்பாகக் கருதுகிறேன்.

இதே பாறைகளில் வேறு சில அடுக்குகள் நேர் எதிர்த்திசையில் காந்தமேறியிருந்தன. இதற்குக் காரணம் கண்டத்தின் நகர்வு அன்று, புவிக்காந்தப் புலத்தின் வடக்கும் தெற்கும் இடம்மாறும் தலைகீழ் மாற்றம். பிரான்சின் போன்ஃபரேன் என்னுமிடத்தில் எரிமலைக் குழம்பும் அதன் வெப்பத்தால் சுட்ட களிமண்ணும் ஒன்றுபோல எதிர்த்திசை காட்டியதை பெர்னார் புரூன் 1906இல் அறிவித்தார். ஜப்பானில் மத்துயாமா 1929இல், இந்தத் தலைகீழ் நிலை குறிப்பிட்ட காலத்துப் பாறைகளுக்கே உரியது என்று காட்டினார். கடைசி மாற்றம் ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. அந்த எல்லைக்கு இவ்விருவர் பெயரும் இடப்பட்டுள்ளது. இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் முகடு என்னும் கடலடி மலைத்தொடரில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு வைனும் மாத்யூசும் 1963இல், முகட்டின் இருபுறமும் கடற்படுகை விரிந்து செல்லும்போது இம்மாற்றங்கள் அதில் பட்டைகளாகப் பதிகின்றன என்று விளக்கினர்.

இனி, சொல்லாட்சியில் அடிக்கடி நேரும் குழப்பத்துக்கு வருகிறேன். தொல்காந்தம் என்பதைப் பழைய பாறையின் காந்தம் என்று விரிப்பது சரியன்று. பழைய புலத்தின் பதிவு என்றே விரிக்க வேண்டும். பாறை பழமையானதாயினும் அதிலுள்ள காந்தம் புதியதாக இருக்கக்கூடும். மின்னல் தாக்கினாலோ, மலை உருவாகும்போது மீண்டும் சூடேறினாலோ, நீர் ஊடுருவிப் புதிய இரும்புக் கனிமங்கள் விளைந்தாலோ பழைய பதிவு மறைந்து புதிய பதிவு அதன்மேல் ஏறிவிடும். இதனால்தான் கனிமங்கள் காந்தத்தை ஏற்கும் விதத்தை மட்டும் ஆராயும் பாறைக் காந்தவியலைத் தனித்துறையாகப் பிரித்துச் சொல்கிறோம். பழைய சூளைகள், செங்கற்கள், மட்பாண்டங்கள் ஆகியவற்றின் காந்தத்தை ஆராய்வதும் வேறு. அதனைத் தொல்லியல் காந்தவியல் என்று முழுமையாக எழுதினால்தான் மயக்கம் நேராது.

பழையதையும் புதியதையும் பிரிக்கும் வேலை களத்திலேயே தொடங்குகிறது. வைர முனைத் துளைப்பான் கொண்டு 2.5 செ.மீ. விட்டமுள்ள உருளையைப் பாறையில் வெட்டுவர். அதை உடைத்தெடுக்கும் முன், பாறையோடு ஒட்டி நிற்கும்போதே அதன் திசையையும் சாய்வையும் அளந்து, பித்தளைக் கம்பியால் பக்கவாட்டில் ஒரு கோடு கிழித்துவிடுவர். பாறையின் காந்தம் திசைகாட்டியையே விலக்கக்கூடும் என்பதால் சூரியனின் நிழலைக் கொண்டும் திசையைச் சரிபார்ப்பர். ஆய்வகத்தில் அந்த உருளையைப் புவிக்காந்தம் எட்டாதவாறு காப்பிட்ட உலையில் 100, 200, 300 பாகை எனப் படிப்படியாகச் சூடாக்கி, ஒவ்வொரு முறையும் குளிரவைத்து அளப்பர். பிற்காலத்தில் ஏறிய நலிந்த காந்தம் குறைந்த வெப்பத்தில் கழன்றுவிடும். கடைசிவரை மாறாமல் நிற்கும் திசையே பெரும்பாலும் தொன்மையானது. இதற்கு வெப்பக் காந்தநீக்கம் என்று பெயர். மடிந்த பாறையடுக்குகளின் இரு பக்கங்களிலும் மாதிரி எடுத்து, மடிப்பைக் கணக்கில் விரித்துப் பார்க்கும்போது திசைகள் ஒன்றுபட்டால், அந்தக் காந்தம் மடிப்புக்கு முந்தியது. 1949இல் கிரஹாம் முன்வைத்த இந்த மடிப்புச் சோதனை இன்றும் பயன்படுகிறது.

தோற்றத் துருவ அலைவு என்பது இத்துறையின் இன்னொரு முதன்மையான கலைச்சொல். ஒரு கண்டத்தின் வெவ்வேறு காலப் பாறைகள் காட்டும் துருவங்களை இணைத்தால், துருவமே அலைந்ததுபோன்ற ஒரு பாதை கிடைக்கும். ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இப்பாதைகள் ஒன்றுக்கொன்று விலகியிருந்தன. அட்லாண்டிக் பெருங்கடலை மூடி இரு கண்டங்களையும் ஒட்டவைத்தால் பெரிதும் பொருந்தின. ஆகவேதான் ‘தோற்ற’ என்ற அடைமொழியை விடக்கூடாது. அலைந்தவை பெரும்பாலும் கண்டங்களே. எனினும், புவியின் அச்சைச் சுற்றிப் புலம் சீராக இருப்பதாகக் கொள்வதால், ஒரு பாறை எந்த அகலாங்கில் இருந்தது என்று மட்டுமே இம்முறையால் நேரடியாகச் சொல்ல முடியும். நெட்டாங்கை அறியக் கடற்படுகைப் பட்டைகள் போன்ற வேறு சான்றுகள் தேவைப்படுகின்றன. அவை கிடைப்பதும் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்ட காலத்துக்குத்தான், அதைவிடப் பழைய கடற்படுகையின் பெரும்பகுதி புவிக்குள் அமிழ்ந்துவிட்டது.