காப்பித் தோட்டத்துப் பொறியில் விழுவது யார்?

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் உள்ள ஒரு சிறு காப்பித் தோட்டத்தில், பிடுங்கிப் போட்டிருந்த செடி ஒன்றின் தண்டை வெட்டுக்கத்தியால் நெடுக்காகப் பிளந்து காட்டினார், அங்கே பல ஆண்டுகளாக வேலை செய்யும் பெரியவர் ஒருவர். பட்டையின் மேல் நரம்பு புடைத்தது போன்ற ஒரு தடிப்பும், நுனி இலைகளில் கொஞ்சம் மஞ்சளும் தவிர, வெளியே வேறு குறை எதுவும் தெரியவில்லை. உள்ளேயோ நடுக்கட்டை வரைக்கும் வளைந்து வளைந்து சுரங்கங்கள் ஓடியிருந்தன. அவற்றில் புழு தின்று கழித்த மரத்தூள், யாரோ குச்சியால் குத்தி இறுக்கியது போல அடைந்து கிடந்தது. "வெளியில ஒண்ணும் தெரியாதுங்க, செடி வாடுறப்ப உள்ள வேலை முடிஞ்சிருக்கும்" என்றார் அவர்.

சேலத்து மாந்தோப்புக்காரர்களுக்குத் தண்டுத் துளைப்பான் புதிய பூச்சியல்ல. ஆனால் மாமரத்தைத் துளைக்கும் புழு தூளையும் எச்சத்தையும் துளை வழியே வெளியே தள்ளிவிடும். அடிமரத்தில் சிந்திக் கிடக்கும் தூளைப் பார்த்துத் துளையைக் கண்டுபிடித்து, கம்பியை நுழைத்தோ மருந்தை ஊற்றியோ அதைக் கொன்றுவிடலாம். காப்பியின் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அவ்வாறு தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. தான் கடந்து வந்த வழியைத் தானே அடைத்துக்கொண்டு போவதால், மேலே தெளிக்கும் எந்த மருந்தும் அதை எட்டாது. அப்படிப்பட்ட ஒரு பூச்சியை, தோட்டத்தின் நடுவே தொங்கும் ஒரு பிளாஸ்டிக் பொறி எப்படிப் பிடிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சைலோட்ரெக்கஸ் குவாட்ரிப்பெஸ் என்று அறிவியலார் அழைக்கும் இப்பூச்சி, நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. வளர்ந்த வண்டு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை நீளமிருக்கும். ஒடுங்கிய கரிய உடலில், இறக்கைகளின் மேல் வெண்ணிறக் கோடுகள் சாய்வாக ஓடும். பெண் வண்டு, அரபிகா காப்பிச் செடியின் தண்டில் பட்டை வெடித்திருக்கும் இடுக்குகளைத் தேடி முட்டையிடுகிறது. பத்து நாள் அளவில் வெளிவரும் புழு, முதல் இரண்டு மாத காலம் பட்டைக்குக் கீழேயே தின்றுகொண்டிருக்கும். நாம் வெளியிலிருந்து காணும் அந்தத் தடிப்பு இந்தக் காலத்தின் அடையாளம். பிறகு அது கட்டைக்குள் இறங்கிவிடுகிறது. புழுப் பருவம் மட்டும் ஏறத்தாழ ஒன்பது பத்து மாதங்கள் நீடிக்கும். அதன் பின் கூட்டுப்புழுவாக ஒரு மாதம் போலக் கிடந்து, வண்டாக மாறி, வட்டமாக ஒரு துளையைக் கடித்துக்கொண்டு வெளியே வருகிறது. அதாவது, ஓராண்டு வாழ்க்கையில் வெயிலைப் பார்ப்பது கடைசிச் சில வாரங்கள்தான். தோட்டக்காரர்கள் 'பறக்கும் காலம்' என்று சொல்வது இதைத்தான். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொரு முறையும் அது வருகிறது. இளஞ்செடியாக இருந்தால் ஓராண்டிலேயே பட்டுப்போகும். முதிர்ந்த செடி சில பருவங்கள் தாக்குப்பிடித்தாலும் காய்ப்பு குறைந்து, காய்களில் பதரே மிகுதியாக இருக்கும்.

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அதற்கு அரை நூற்றாண்டுக்குள்ளாகவே தென்னிந்தியத் தோட்டங்களில் துளைப்பான் பெரும் அழிவை உண்டாக்கியிருந்தது. மதராஸ் அரசின் மருத்துவப் பணியில் இருந்த ஜார்ஜ் பிடி என்பவர், அந்த அழிவை ஆராய்ந்து 1869-இல் ஓர் அறிக்கையே எழுதினார். காட்டு மரங்களை முற்றாக வெட்டிவிட்டுத் திறந்த வெளியில் காப்பி வைத்த இடங்களில் சேதம் கடுமையாக இருந்ததும், நிழல் தேவை என்பதும் அப்போதே பேசப்பட்டவை. இந்த வண்டு வெயில் விரும்பி. பகலில், வெப்பம் ஏறிய நேரத்தில் பறந்து, வெயில் விழும் தண்டிலேயே முட்டையிட விரும்புகிறது. இன்று ஏற்காட்டில் மிளகுக்கொடி படர நேராக உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் பார்வைக்கு நிழல் போலத் தோன்றினாலும், அவற்றின் கிளைகளை ஒரேயடியாகக் கழித்துவிட்டால் கீழே இருக்கும் காப்பித் தண்டு வெயிலில் நிற்கும். கல்யாண முருங்கை போன்ற தாழ்ந்த நிழல் மரங்களையும் இடையில் வைத்திருக்கும் தோட்டத்தில் இந்த வண்டின் தொல்லை குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுவே. என் கணிப்பில், வேறு எந்தப் பொறியையும்விடப் பழைய கருவி இந்த இரண்டடுக்கு நிழல்தான்.

இனி பொறிக்கு வருவோம். கட்டையை விட்டு வெளியே வந்த ஆண் வண்டு, தன் உடலிலிருந்து ஒரு மணத்தை வெளியிட்டுப் பெண்ணை அழைக்கிறது. அந்த மணத்தின் முதன்மைப் பொருள், பத்து கார்பன் அணுக்கள் சங்கிலியாக அமைந்த ஹைட்ராக்ஸி டெக்கனோன் என்ற எளிய சேர்மம். நம் இரு கைகளைப் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் இரு வடிவங்களில் இச்சேர்மம் அமையக்கூடும். வண்டு உண்டாக்குவது அவற்றில் ஒன்றை மட்டும். இந்தப் பொருளை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்துச் சிறு பாலித்தீன் உறையில் அடைத்தால், அது உறையின் சுவர் வழியே மெல்ல மெல்லக் கசிந்து வாரக்கணக்கில் காற்றில் கலந்துகொண்டிருக்கும். பொறிக்குள் ஆண் வண்டு எதுவும் இல்லை. ஆனால் அதன் அழைப்பு மட்டும் இருக்கிறது.

மணம் காற்றில் எப்படிப் போகிறது என்பதை எண்ணிப் பார்ப்பது நல்லது. விளக்கிலிருந்து ஒளி பரவுவது போல மணம் எல்லாப் பக்கமும் சீராகப் பரவி, நெருங்க நெருங்க மிகும் என்று நாம் நினைக்கிறோம். பூஜை அறையில் ஊதுபத்திப் புகையைக் கவனித்தால் உண்மை தெரியும். சிறிது தூரம் நூலாக எழும் புகை, காற்றுப் பட்டதும் இழை இழையாகப் பிய்ந்து, இழைகளுக்கு இடையே வெற்றுக் காற்றுடன் மிதக்கிறது. பொறியிலிருந்து கிளம்பும் மணமும் அப்படித்தான் செல்கிறது. பூச்சி தன் உணர்கொம்பில் ஓர் இழை பட்டவுடன் காற்றை எதிர்த்துப் பறக்கும். இழை தவறினால் இடமும் வலமுமாக அலைந்து மறுபடியும் அதைத் தேடும். ஆகவே அது மணத்தின் செறிவை அளந்துகொண்டு வருவதைவிட, காற்றின் திசையைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்பதே சரி. அசைவற்ற காற்றும், தொடர் மழையும் பொறியைப் பயனற்றதாக்கிவிடுவது இதனால்தான்.

அருகே வந்த வண்டுக்கு இரண்டாவது ஏமாற்று காத்திருக்கிறது. பொறியின் மேற்பகுதியில் இரண்டு தகடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செங்குத்தாக நிற்கின்றன. தண்டில் இறங்கிப் பழகிய வண்டுக்கு, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது ஒரு நிமிர்ந்த தண்டின் நிழலுருவம். அதை நோக்கி வந்து தகட்டில் மோதியவுடன், இறக்கையை மடக்கிக் கீழே விழுவது வண்டின் இயல்பு. விழுகிற இடத்தில் புனலும், அதன் அடியில் ஒரு கலமும் இருக்கின்றன. வழவழப்பான புனல் சுவரில் அதற்குக் கால் ஊன்ற இடமில்லை.

இங்கேதான் இந்தப் பொறி மற்ற இனக்கவர்ச்சிப் பொறிகளிலிருந்து வேறுபடுகிறது. சேலம் மாவட்டத்தில் கத்தரி பயிரிடுவோர் பலர், தண்டு மற்றும் காய்த் துளைப்பானுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைத்துப் பழகியவர்கள். அந்த அந்துப்பூச்சியில் அழைப்பது பெண். எனவே பொறியில் விழுவது ஆண். நூறு ஆண்களில் தொண்ணூற்றைப் பிடித்துவிட்டாலும், எஞ்சிய பத்து ஆண்கள் ஒவ்வொன்றும் பல பெண்களோடு கூடிவிடும் என்பதால், முட்டைகளின் எண்ணிக்கை நாம் எதிர்பார்த்த அளவுக்குக் குறைவதில்லை. காப்பித் துளைப்பானில் அழைப்பது ஆண், தேடி வருவது பெண். பொறியில் விழும் ஒவ்வொரு பெண் வண்டும், அது இடவேண்டிய மீதி முட்டைகளைத் தன்னோடே எடுத்துக்கொண்டு விழுகிறது. கணக்கு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டால் மாறிவிடுகிறது.

அதற்காக, ஏக்கருக்குப் பத்துப் பொறி கட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடலாம் என்று பொருளல்ல. பொறி தொடுவது வெளியே பறக்கும் வண்டுகளை மட்டும். கட்டைக்குள் இருக்கும் புழுவுக்குப் பொறி இருப்பதே தெரியாது. பறக்கும் காலம் தொடங்கும் முன், மார்ச்சிலும் செப்டம்பரிலும், செடி செடியாகத் தடவிப் பார்த்துத் தடிப்புள்ளவற்றைப் பிடுங்குகிறார்கள். தேங்காய் நார் உறையைக் கையில் மாட்டித் தண்டைத் தேய்த்து, உரிந்து நிற்கும் பட்டையை நீக்கி, முட்டையிட இடுக்கில்லாமல் செய்கிறார்கள். இரும்புத் தேய்ப்பான் பச்சைப் பட்டையைக் காயப்படுத்திவிடும் என்பதால் நார்தான் சரி. சுண்ணாம்புக் கரைசல் பூசுவதும் இதே நோக்கத்துக்காக. பொறிக்கு இந்த வேலைகளுக்கிடையே வேறொரு பயனும் உண்டு. அதில் முதல் வண்டு விழும் நாள், மலையின் அந்தச் சரிவில் பறக்கும் காலம் தொடங்கிவிட்டது என்பதைச் சொல்கிறது. கோடை மழை முந்தினாலும் பிந்தினாலும், நாட்காட்டியைவிட அதுவே நம்பகமான செய்தி.

காப்பியில் தொங்கும் மற்றொரு பொறி இதைவிடச் சிறிய பூச்சிக்கானது. காய்த் துளைப்பான் இந்தியாவில் முதன்முதலாக 1990-இல் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காணப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய பூச்சி இது. பெண் வண்டு ஒன்றரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், கடுகைவிடப் பெரிதல்ல. அது காயின் கொப்பூழ்ப் பகுதியில் துளையிட்டு உள்ளே சென்று, கொட்டையைக் குடைந்து முட்டையிடுகிறது. கொட்டையில் காஃபீன் இருக்கிறதே, அது பூச்சிகளுக்கு நஞ்சாயிற்றே என்று கேட்கலாம். இந்த வண்டின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் காஃபீனைச் சிதைத்துவிடுகின்றன என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து அவற்றை அழித்தபோது காஃபீன் சிதையாமலே வெளியேறியது, வண்டின் பெருக்கமும் குறைந்தது.

இதன் குடும்ப வாழ்க்கை வியப்பானது. ஒரு காய்க்குள் பிறக்கும் குஞ்சுகளில் பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் என்ற அளவில்தான் ஆண்கள் பிறக்கின்றன. அவற்றுக்குப் பறக்கத் தகுந்த இறக்கை இல்லை. உடன்பிறந்த பெண்களோடு உள்ளேயே கூடிவிட்டு, அந்தக் காய்க்குள்ளேயே அவற்றின் வாழ்வு முடிகிறது. வெளியே பறந்து வரும் எதுவும் ஏற்கெனவே கருவுற்ற பெண். எனவே இதற்கு இணையை அழைக்கும் மணம் பயன்படாது. அதற்குத் தேவை இணையல்ல, அடுத்த காய். பழுக்கும் காப்பிப் பழம் வெளியிடும் மணத்தில் சாராய வகைப் பொருள்கள் உண்டு என்பதால், எத்தனாலையும் மெத்தனாலையும் கலந்து, ஒரு சிறு புட்டியில் மெல்ல ஆவியாகவிட்டு, சிவப்பு நிறப் பொறியில் தொங்கவிடுகிறார்கள். கீழே உள்ள நீரில் வண்டுகள் விழுந்து மூழ்கும். மெத்தனால் கொடிய நஞ்சு. கலவைப் புட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டும்படி வைக்கக் கூடாது. ஆக, இரண்டு பொறிகளிலும் விழுவது பெண்தான். ஒன்றில் ஆண் அழைப்பதால், மற்றொன்றில் ஆண் வெளியே வருவதே இல்லை என்பதால்.

இந்தப் பொறிக்கும் அதற்குரிய காலம் உண்டு. அறுவடை முடிந்தபின் செடியிலும் தரையிலும் தப்பிக் கிடக்கும் காய்ந்த காய்களுக்குள் பெண் வண்டுகள் அடைந்து கிடக்கும். கோடை மழையின் ஈரம் பட்டதும் கூட்டமாக வெளியேறும். அப்போது தோட்டத்தில் துளைக்கத் தகுந்த காய் எதுவும் இராது. மணம் வீசுவது பொறி ஒன்றே. சில மாதங்களில் புதுக் காய்களின் கொட்டை முற்றத் தொடங்கியதும், ஒரு புட்டி மணம் ஆயிரமாயிரம் காய்களின் மணத்தோடு போட்டியிட வேண்டியதாகிவிடும். அறுவடைக்கு முன் பொறி கட்டிவிட்டு, பயனில்லை என்று குறைப்பட்டுக்கொள்வோர் தவறிய இடம் இதுதான். பொறியில் ஆயிரக்கணக்கில் வண்டு விழுந்ததைக் கண்டு மகிழ்வதிலும் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. விட்டுப்போன ஒரே காய்க்குள் பல பத்து வண்டுகள் இருக்கக்கூடும் என்பதால், கூடையோடு குனிந்து உதிரி பொறுக்கும் பெண்ணின் கை, பொறியைவிடப் பெரிய பொறி. பொறுக்கியவற்றைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். களத்தில் காயும் பருப்பின் ஈரம் பத்து விழுக்காடு அளவுக்கு இறங்கிவிட்டால், மூட்டைக்குள் இப்பூச்சி பெருகாது.

தண்டுத் துளைப்பானுக்குக் கொதிநீர் இல்லை, நெருப்புதான். பிடுங்கிய செடியை உடனே எரிக்க வேண்டும், அல்லது ஒரு வாரம் பத்து நாள் நீரில் மூழ்கடிக்க வேண்டும். ஆனால் நன்கு காய்ந்த காப்பிக் கட்டை அருமையான விறகு என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். செப்டம்பரில் பிடுங்கிய கட்டைகளை நாகலூர்த் தோட்டத்திலும் சிலர் வீட்டுப் பின்புறம் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டைகளுக்குள் இருக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் செடி செத்துவிட்டது என்பது ஒரு பொருட்டல்ல. ஐப்பசியில் விறகு அடுக்கின் மேல் வட்ட வட்டமாகத் துளைகள் விழும், அங்கிருந்து கிளம்பும் வண்டுகளுக்குத் தோட்டம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும்.