இரண்டு இடத்தில் நிற்கும் எக்ஸ்

பத்தாம் வகுப்பில் கணக்கில் எப்படியோ தேறிவிட்டு, ப்ளஸ் ஒன்னில் "இனி கணக்கே வேண்டாம்" என்று பியூர் சயின்ஸ் குரூப் எடுக்கிற பிள்ளைகள் எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிறைய உண்டு. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் மட்டும்தான், கணக்கு என்று தனியாக ஒரு பாடம் கிடையாது. ஆனால் இயற்பியலில் இயக்கவியல் பாடம் ஆரம்பித்ததுமே இருபடிச் சமன்பாடு, அதாவது எக்ஸின் வர்க்கம் வருகிற சமன்பாடு, திரும்ப வந்துவிடும். வேதியியலில் சமநிலை பாடத்திலும் வரும், நீட் பயிற்சிக்குப் போனால் அங்கேயும் வரும். விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்தது முன்னால் வந்து நிற்கும்போது, பிள்ளைகள் தங்களுக்கு அறிவியலே வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்காமல் போவது இந்த இடத்தில்தான். ஏனென்றால் சிக்கல் அறிவியலில் இல்லை. இயற்கணிதத்தில் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது, அந்த இடத்தை விரல் வைத்துக் காட்டிவிட முடியும்.

"மைனஸ் பி ப்ளஸ் ஆர் மைனஸ் ரூட் ஆஃப் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி பை டூ ஏ" – ஏஎக்ஸ்² + பிஎக்ஸ் + சி = 0 என்ற இருபடிச் சமன்பாட்டுக்கு விடை தருகிற இந்த ஃபார்முலாவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதே சமன்பாட்டில் எக்ஸுக்குப் பதிலாக நேரத்தைக் குறிக்க டி என்று போட்டுக் கொடுத்தால் பேனா நின்றுவிடும்.

சரி, அடியிலிருந்து வருவோம். 3எக்ஸ் + 5 = 26 என்று ஒரு சமன்பாடு. "5 அந்தப் பக்கம் போனால் மைனஸ் ஆகிவிடும்" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உண்மையில் எதுவும் எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கமும் சமம் என்பதால், இரண்டு பக்கத்திலிருந்தும் 5-ஐக் கழிக்கிறோம், அப்போதும் அவை சமமாகவே இருக்கும், அவ்வளவுதான். 3எக்ஸ் = 21 கிடைக்கும், இரண்டு பக்கத்தையும் 3-ஆல் வகுத்தால் எக்ஸ் 7. ஏன் முதலில் 5, பிறகு 3? எக்ஸை முதலில் 3-ஆல் பெருக்கி, அதன் மேல் 5-ஐக் கூட்டியிருக்கிறார்கள். மூட்டையில் கடைசியாகப் போட்ட முடிச்சை முதலில் அவிழ்ப்பது மாதிரி, கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். ஒருபடிச் சமன்பாடு முழுக்க இந்த அவிழ்ப்பு மட்டும்தான்.

இப்போது எக்ஸ்² + 10எக்ஸ் = 39 என்பதை எடுத்துக்கொண்டு இதே மாதிரி அவிழ்த்துப் பாருங்கள். 10எக்ஸைக் கழித்தால் வலப்பக்கம் ஒரு எக்ஸ் வந்துவிடுகிறது. எக்ஸால் வகுத்தால் 39-க்குக் கீழே ஒரு எக்ஸ் போய் உட்காருகிறது. வர்க்கமூலம் எடுக்கலாம் என்றால் இடப்பக்கம் இரண்டு உறுப்புகள், மூலம் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துத் தராது. என்ன செய்தாலும் எக்ஸ் இரண்டு இடத்தில் நிற்கிறது. சிக்கல் என்று சொன்னேனே, அது இதுதான். இருபடிச் சமன்பாட்டில் செய்ய வேண்டிய மொத்த வேலையும் இரண்டு இடத்தில் நிற்கிற எக்ஸை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது. கொண்டுவந்துவிட்டால் அப்புறம் பழைய அவிழ்ப்புதான்.

இந்த எண்களை நான் சும்மா எடுக்கவில்லை. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி தன் இயற்கணித நூலில் போட்டுக் காட்டிய கணக்கு இது, படமும் அவர் காட்டியதுதான். நோட்டை எடுத்து வரையுங்கள். பக்கம் எக்ஸ் உள்ள ஒரு சதுரம், அதன் பரப்பு எக்ஸ்². அதை ஒட்டி நீளம் எக்ஸ், அகலம் 10 உள்ள ஒரு பட்டை, அதன் பரப்பு 10எக்ஸ். இரண்டும் சேர்ந்து 39. இப்போது அந்தப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள், ஒவ்வொன்றும் 5 அகலம். ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கமும் இன்னொன்றைக் கீழேயும் ஒட்டினால் ஏறக்குறைய ஒரு பெரிய சதுரம் வந்துவிடும், ஒரு மூலை மட்டும் காலியாக இருக்கும். அந்த மூலை 5-க்கு 5, அதாவது 25. அதை நிரப்பினால் மொத்தப் பரப்பு 39 + 25 = 64. பரப்பு 64 என்றால் பெரிய சதுரத்தின் பக்கம் 8. அந்தப் பக்கம் எக்ஸ் + 5 தானே? அப்போது எக்ஸ் 3.

வர்க்கப் பூர்த்தி முறை என்று பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருப்பது இதுதான். "எக்ஸின் கெழுவில் பாதியை வர்க்கப்படுத்திக் கூட்டு" (கெழு என்பது எக்ஸைப் பெருக்கி நிற்கும் எண், இங்கே 10) என்று ஒரு வரியாகப் படித்தால் மந்திரம் மாதிரி இருக்கும், படத்தைப் பார்த்தால் ஏன் பாதி, ஏன் வர்க்கம் என்று கேள்வியே வராது. பாபிலோனியர்கள் 3,500 ஆண்டுகளுக்கும் முன்பே களிமண் பலகைகளில் இதே பாதி, இதே வர்க்கம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதிகமாகச் செய்கிற பிழைக்கும் இதே படம் மருந்து. எக்ஸ் கூட்டல் 5, அதன் முழு வர்க்கம் என்றால் எக்ஸ்² + 25 என்று எழுதிவிடுவார்கள். படத்தில் அது என்ன தெரியுமா? சிறிய சதுரமும் மூலையும் மட்டும். இரண்டு பட்டைகளையும் மறந்துவிட்டார்கள்.

இதை அப்படியே தொப்பூர் கணவாய்க்குக் கொண்டுபோகலாம். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சரிவாக இறங்குகிற அந்த இடத்தில் லாரிகள் எத்தனை முறை மோதியிருக்கின்றன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்ததும் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள், வேகம் நொடிக்கு வி மீட்டர் என்றால் அந்த நொடியில் வண்டி அதே வேகத்தில் வி மீட்டர் ஓடிவிடும். அப்புறம் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் வேகத்தின் வர்க்கத்தை, தடையால் ஒவ்வொரு நொடியும் குறைகிற வேகத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வரும். சமதரையில் நல்ல பிரேக் நொடிக்கு 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறது என்றால் அது வி² / 10. முன்னால் 60 மீட்டர்தான் தெரிகிறது, அதற்குள் நிற்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் போகலாம்? வி + வி²/10 = 60, பத்தால் பெருக்கினால் வி² + 10வி = 600. அதே 10, அதே இரண்டு பட்டை, அதே 25. பெரிய சதுரம் 625, பக்கம் 25, வி 20. நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர்.

சரிவு, பாரம், சூடேறிய பிரேக், எல்லாம் சேர்ந்து தடை பாதியாகக் குறைந்தால்? வி² + 5வி = 300. மூலை 2.5-க்கு 2.5, அதாவது 6.25. பெரிய சதுரம் 306.25, பக்கம் 17.5, வி 15. மணிக்கு 54 கிலோமீட்டர். ஏறும்போது பிரச்சினை இல்லாத வேகம் இறங்கும்போது ஏன் ஆளைக் கொல்கிறது என்பதில் பாதிப் பதில் இந்த இரண்டு வரிகளில் இருக்கிறது. இதைப் போட்டுப் பார்த்த பிள்ளை கணக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டான் என்று நான் நம்புகிறேன்.

இரண்டாவது விடை பற்றிச் சொல்லவில்லை. வர்க்கம் 64 என்றால் 8 மட்டுமல்ல, மைனஸ் 8-ம் ஆகும், அப்போது எக்ஸ் மைனஸ் 13. அல்-குவாரிஸ்மி இதை எடுத்துக்கொள்ளவில்லை, சதுரத்தின் பக்கம் மைனஸாக இருக்க முடியாதே. அவருக்கு முன்பே, 628-இல், பிரம்மகுப்தர் மைனஸ் எண்களைக் கடன் என்றும் ப்ளஸ் எண்களைச் சொத்து என்றும் வைத்து அவற்றுக்கு விதிகள் எழுதியிருந்தார்.

மைனஸ் விடைக்கு உண்மையிலேயே அர்த்தம் உண்டா? பாலக்கோடு பக்கம் ஒரு ஆழக் கிணறு, தண்ணீர் 30 மீட்டர் கீழே. விளிம்பில் நின்று ஒரு கல்லை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நேராக மேலே எறிகிறோம். புவியீர்ப்பை 10 என்று எடுத்துக்கொண்டால் கல்லின் உயரம் 5டி – 5டி², தண்ணீரைத் தொடும்போது அது மைனஸ் 30. சுருக்கினால் டி² – டி = 6. பாதி 0.5, மூலை 0.25. ஆக, டி-யிலிருந்து 0.5-ஐக் கழித்து வர்க்கப்படுத்தினால் 6.25. டி – 0.5 என்பது 2.5 அல்லது மைனஸ் 2.5. விடைகள் 3, மைனஸ் 2.

3 நொடியில் சத்தம் கேட்கும், சரி. மைனஸ் 2 என்பது எறிவதற்கு 2 நொடி முன்னால். கல்லை நீங்கள் எறியாமல், தண்ணீர் மட்டத்திலிருந்து ஒருவர் 2 நொடி முன்பு நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் எறிந்திருந்தால், அது சரியாக நீங்கள் எறிகிற கணத்தில், அதே 5 மீட்டர் வேகத்தில் விளிம்பைத் தாண்டியிருக்கும். சமன்பாட்டுக்கு நீங்கள் எறிந்தது தெரியாது, பாதை மட்டும்தான் தெரியும். அந்தப் பாதை தண்ணீரைத் தொடுகிற இரண்டு நேரங்களையும் அது நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

அந்த 0.5 என்ன? கல் உச்சியைத் தொடுகிற நேரம். இரண்டு விடைகளும் உச்சியிலிருந்து 2.5 நொடி முன்னும் 2.5 நொடி பின்னும் இருக்கின்றன. இப்போது அந்தப் பழைய ஃபார்முலாவைப் பாருங்கள். மைனஸ் பி பை டூ ஏ என்பது நடு. ரூட் உள்ள பகுதியை டூ ஏ-யால் வகுத்தது நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி என்பது. ப்ளஸ் ஆர் மைனஸ் என்றால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து ஒரு முறை வர்க்கப் பூர்த்தி செய்தால் கிடைப்பதுதான் ஃபார்முலா.

ரூட்டுக்குள் இருக்கிற பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி, அதாவது எத்தனை விடை உண்டு என்று காட்டுகிற தன்மைக் காட்டியும் இதே கிணற்றில் தெரியும். அடியிலிருந்து ஒருவர் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கல்லை மேலே எறிகிறார். 15 மீட்டர் உயரத்தை எப்போது தொடும்? டி² – 4டி + 3 = 0, விடை 1 நொடி, 3 நொடி. ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை. 20 மீட்டரை? 2 நொடியில் ஒரே முறை, அதுதான் உச்சி. 30 மீட்டர் விளிம்பை? டி-யிலிருந்து 2-ஐக் கழித்து வர்க்கப்படுத்தினால் மைனஸ் 2 வர வேண்டும் என்று நிற்கிறது. எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் மைனஸ் ஆகாது. கல் விளிம்பு வரை வராது என்பதைக் கணக்கு சொல்கிற விதம் அது.

வேதியியலில் ஒன்று பார்த்துவிட்டு முடிக்கிறேன். 0.1 மோலார் அசிட்டிக் அமிலம், அமிலம் தண்ணீரில் எவ்வளவு அயனிகளாகப் பிரியும் என்று சொல்கிற அதன் பிரிகை மாறிலி 0.000018. ஹைட்ரஜன் அயனிச் செறிவு எக்ஸ் என்றால், எக்ஸ்²-ஐப் பிரியாமல் மிஞ்சிய அமிலமான 0.1 – எக்ஸால் வகுத்தால் அந்த மாறிலி வர வேண்டும், அதை விரித்து எழுதினால் எக்ஸ்² + 0.000018எக்ஸ் = 0.0000018. புத்தகத்தில் நடு உறுப்பை விட்டுவிட்டு நேராக வர்க்கமூலம் எடுத்து 0.00134 என்று எழுதுவார்கள், ஏன் விடலாம் என்று பிள்ளைகள் கேட்டால் "சிறியது, அதனால்" என்று பதில் வரும். எதோடு ஒப்பிட்டால் சிறியது? நடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள், மைனஸ் 0.000009. நடுவிலிருந்து விடை 0.00134 தள்ளி இருக்கிறது. நடு கிட்டத்தட்ட பூஜ்யத்திலேயே நிற்பதால் அதைப் பூஜ்யம் என்று வைத்தாலும், சரியான விடையான 0.00133-இலிருந்து நூற்றில் ஒரு பங்குகூட விலகுவதில்லை. இன்னொரு விடை மைனஸ் 0.00135, செறிவு மைனஸாக இருக்க முடியாது என்பதால் இங்கே அதை எடுத்துக்கொள்வதில்லை.