“அழவே இல்லையே இந்தப் பொண்ணு”: திரையில் பார்த்த நீதியும் மஞ்சக்குப்பத்தில் பார்க்கிற நீதியும்

பாலியல் வன்முறை வழக்கோடு என் அலுவலகப் படியேறுகிறவர்கள், சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் கேட்பதில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகும் ஓர் அம்மா, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டது இது: “ஏம்மா, படத்துல வர்ற மாதிரி எல்லார் எதுத்தாப்லயும் நிக்க வச்சு, எங்க தொட்டான், எப்படித் தொட்டான்னு கேப்பாங்களா? அப்படின்னா கேஸே வேணாம்மா, நாங்க வீட்டுக்குப் போயிடுறோம்.” மகள் தலையே நிமிரவில்லை. நடந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினொரு நாளும் அவர்களை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது எப்போதோ டிவியில் பார்த்த ஒரு கோர்ட் காட்சி என்பது பேசப் பேசத்தான் புரிந்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகக் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். சட்ட உதவிக் குழுவிலும் இருக்கிறேன். இங்கே சொல்லும் பெண்களின் ஊர், தொழில், வீட்டு விவரங்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்குச் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். வன்புணர்வு வழக்கு மூடிய அறையில்தான் நடக்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366ஆம் பிரிவு. சினிமாவில் பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்து “ச்சே” என்று முணுமுணுப்பார்களே, அந்த ஆட்கள் நிஜத்தில் கதவுக்கு வெளியே நிற்பார்கள். உள்ளே நீதிபதி, அரசு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர், குற்றம் சாட்டப்பட்டவர், நீதிமன்ற ஊழியர் இரண்டொருவர். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போக்சோ சட்டப்படி அவன் முகம் குழந்தையின் கண்ணில் படாமல் திரை போடலாம், வீடியோ வழியாகவும் சாட்சி வாங்கலாம். பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுகிறவருக்கு இரண்டு வருடம் வரை சிறை உண்டு. அவள் இதற்கு முன் யாரோடு பழகினாள் என்பதைக் காட்டி, அதனால் சம்மதித்திருப்பாள் என்று வாதாடக் கூடாது. அப்படிப்பட்ட கேள்விகளெல்லாம் அடியோடு நின்றுவிட்டன என்று சொல்ல எனக்கு மனசாட்சி இடம் தராது. இன்னும் கேட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுந்து ஆட்சேபிக்கிற அரசு வழக்கறிஞரும், “இந்தக் கேள்வியை அனுமதிக்க மாட்டேன்” என்கிற நீதிபதியும் அமைந்தால் அது அங்கேயே நிற்கும்.

என்னை அதிகம் வருத்துவது கோர்ட் காட்சி கூட அல்ல, அதற்கு முன்னால் வருகிற காட்சிதான். மழை, மின்னல், கிழிந்த ரவிக்கை, உடைந்த வளையல், புலி மானைப் பிடிப்பதாக ஒரு காட்சி. மறுநாள் காலையில் தலைவிரி கோலமாகச் சுவரோரம் வெறித்துக் கிடப்பாள். இல்லாவிட்டால் கிணறோ தண்டவாளமோ. பல தலைமுறையாக இதையே பார்த்துப் பார்த்து, பாதிக்கப்பட்டவள் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று நம் கண் பழகிவிட்டது. அம்மா அப்பாவின் கண் மட்டுமல்ல, போலீஸ், டாக்டர், வக்கீல், ஏன், பாதிக்கப்பட்டவளின் கண்ணும் அப்படியே பழகியிருக்கிறது.

புதுச்சேரியில் ஒரு கடையில் வேலை பார்த்த இளம்பெண். செய்தவர் அவள் தினமும் “அண்ணே” என்று கூப்பிட்ட ஆள். மறுநாளும் அவள் வழக்கம்போல பஸ் ஏறி வேலைக்குப் போனாள், கணக்கு எழுதினாள், அவர் அனுப்பிய வாட்ஸப் செய்திக்குச் “சரி” என்று பதிலும் போட்டாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. நான்காவது நாள்தான் அக்காவிடம் வாய் திறந்தாள். புகார் எழுத உட்கார்ந்தபோது அங்கிருந்த பெண் அதிகாரி என் காதோடு சொன்னார்: “அழவே இல்லையே மேடம் இந்தப் பொண்ணு.” அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. அவர் மனதில் பதிந்திருந்த உருவத்தோடு எதிரில் உட்கார்ந்திருந்தவள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பின்னால் அந்தப் பெண்ணே என்னிடம் கேட்டாள்: “நான் கத்தலையே மேடம். கத்தாம இருந்தா அது தப்பா, இல்ல நானும் ஒத்துக்கிட்ட மாதிரியா?”

பயத்தில் உடம்பு விறைத்துப்போகும். கை கால் வராது, குரல் எழாது. கண்ணெதிரே நடப்பது வேறு யாருக்கோ நடப்பதுபோல இருக்கும் என்று எத்தனையோ பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த வரி சும்மா வந்துவிடவில்லை. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிப் பெண் காவல் நிலையத்துக்குள்ளேயே வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டாள். உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை என்று காரணம் காட்டி 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. நான் சொன்ன அந்த வரி 2013 திருத்தத்தில்தான் சேர்ந்தது. பாதிக்கப்பட்டவளின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே தண்டனைக்குப் போதும், புகார் கொடுக்கத் தாமதமானதை அவளுக்கு எதிராகத் திருப்பக் கூடாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்னது. சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் மழைக்காட்சிதான் நம் மனதை ஆள்கிறது.

இன்னொன்று, ஆள் யார் என்பது. படத்தில் அவன் பணக்கார வீட்டுத் தறுதலையாகவோ இருட்டில் பாயும் முகம் தெரியாதவனாகவோ இருப்பான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பார்த்தால், வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்கு 90க்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். மாமா, பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் வாத்தியார், முதலாளி, காதலிப்பதாகச் சொன்னவன். என் அனுபவமும் அதுதான். அதனால்தான் வீட்டுக்குள்ளேயே “அவரா? இருக்காதே” என்ற சத்தம் முதலில் எழுகிறது. 2022இல் வந்த ‘கார்கி’, குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டுக்குள் நின்று இந்தக் கதையைச் சொன்னது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு தன் தம்பி மகள் சொன்னதை நம்பத் தொடங்கியதாக ஒருவர் என்னிடம் சொன்னார். நல்ல படம் ஒரு குடும்பத்தில் என்ன செய்யும் என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

மருத்துவமனைக்கு வருகிறேன். படத்தில் டாக்டர் கதவைத் திறந்து வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றியபடி “கற்பழிச்சிருக்காங்க” என்பார். எந்த டாக்டரும் அப்படிச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. என்ன பார்த்தார், என்ன மாதிரி எடுத்தார் என்பதை எழுதுவதோடு அவர் வேலை முடிகிறது. வன்புணர்வா இல்லையா என்று முடிவு செய்வது நீதிமன்றம். இரண்டு விரல் சோதனை கூடாது என்று 2013இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022இல் அதைச் செய்கிறவரே ஒழுங்கீனக் குற்றவாளி என்று இன்னும் கடுமையாகச் சொன்னது.

“குளிச்சிட்டா, துணியைத் துவைச்சிட்டோம், இனிமே என்ன இருக்கு?” என்று திரும்பிப் போகாதீர்கள். மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 96 மணி நேரம் வரை மாதிரிகள் எடுக்கலாம். அதற்குப் பிறகு போனாலும் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. போட்டிருந்த துணியைத் துவைக்காமல், ஈரமிருந்தால் நிழலில் உலர்த்தி, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் புழுங்கிக் கெட்டுவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தடை மாத்திரையும் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாகச் சிகிச்சை தரவேண்டியது கட்டாயம். மறுப்பது குற்றம். இந்த மூன்று நான்கு நாளின் அருமையைச் சொல்ல எந்தப் படத்துக்கும் இரண்டு நிமிடம் கிடைத்ததில்லை.

‘கற்பழிப்பு’ என்று மேலே எழுதும்போதே எனக்குக் கை கூசியது. பழைய இலக்கணத்தில் களவுக்கு அடுத்து வரும் மணவாழ்க்கைக்குப் பெயர் கற்பு. அதை ஒரு பெண்ணின் உடம்புக்குள் வைத்துப் பூட்டி, எவனோ செய்த குற்றத்தில் அழிந்தது அவளுடைய ஏதோ ஒன்று என்று சொல்ல வைக்கிறது இந்தச் சொல். எதையோ இழந்துவிட்டாள் என்றால் அதைத் திருப்பித் தர ஒரு வழியும் வேண்டுமே. நம் படங்களின் ஆலமரத்தடிப் பஞ்சாயத்து அதற்குக் கண்டுபிடித்த வழி, கெடுத்தவனே தாலி கட்ட வேண்டும் என்பது. அந்தத் தீர்ப்புக்குத் தியேட்டரில் கைதட்டியிருக்கிறோம். ஊரில் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து, “பொண்ணு வாழ்க்கையைப் பாரு” என்று அப்பாவின் கையைப் பிடித்துக் கேட்கும்போது அந்தக் கைதட்டல்தான் பேசுகிறது.

ஊர்ப் பஞ்சாயத்தோடு இது நிற்கவில்லை. கடலூர் மகளிர் நீதிமன்றம் தண்டித்த ஒருவருக்கு, அந்தப் பெண்ணோடு சமரசம் பேசிப் பார்ப்பதற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் 2015 ஜூனில் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. வன்புணர்வு வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று வேறொரு வழக்கில் 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மாதமே ஜாமீன் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அந்த நாட்களில் எங்கள் கோர்ட் வளாகத்தில் வேறு பேச்சே இல்லை. சில மூத்த வழக்கறிஞர்களே “கல்யாணம் ஆனா நல்லதுதானே” என்றார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பஞ்சாயத்து இல்லையென்றால் அரிவாள். அண்ணன்கள், சித்தப்பாக்கள் வருவார்கள். “ஒரு வார்த்தை சொல்லுங்க வக்கீலம்மா, முடிச்சிடுறோம்.” அவர்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் அவன்மேல் கை வைத்த நிமிடமே அவன் வக்கீலுக்கு ஒரு வாதம் கிடைத்துவிடுகிறது. அவன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு உங்கள்மேல் கேஸ் கொடுப்பான். ‘முன்விரோதம் காரணமாகப் பொய்ப் புகார்’ என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுப்பார்கள். ரெண்டு தரப்பும் கேஸை விட்டுக்கொள்ளலாமே என்று தரகர் வருவார். தம்பியைச் சிறைக்கு அனுப்பாமல் காப்பாற்றுவதற்காகத் தன் வழக்கில் பிறழ்சாட்சி சொன்ன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பழிவாங்கும் படங்களில் அவளுக்கு ஒரு வசனம்கூட இருக்காது.

என்கவுன்டர் காட்சியும் இதே ரகம். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு பெண் கால்நடை மருத்துவர் கொல்லப்பட்ட வழக்கில் நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜனங்கள் போலீஸ்மேல் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 2022இல் தந்த அறிக்கை, அவர்கள் வேண்டுமென்றே சுடப்பட்டதாகவும், அதில் ஈடுபட்ட போலீஸார்மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் சொன்னது. உண்மையில் என்ன நடந்தது, யார் செய்தது என்று ஒரு நீதிமன்றத்தில் நிரூபிக்கும் வாய்ப்பு அந்தக் குடும்பத்துக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. கடலூரும் புதுச்சேரியும் வயலும் வரப்பும் போலப் பின்னிக் கிடக்கின்றன. எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் யூனியன் பிரதேசம், வேறு போலீஸ். இங்கே வீடு, அங்கே வேலை என்று தினமும் போய்வருகிற பெண்கள் ஆயிரக்கணக்கில். “சம்பவம் அங்கதானே, அங்க போய்க் குடுங்க” என்று ஓர் இடத்தில் சொல்வார்கள். “நீங்க தமிழ்நாடுதானே” என்பார்கள் இன்னோர் இடத்தில். நான் சொன்ன கடைப் பெண்ணை இப்படி ஒருநாள் முழுக்க அலையவிட்டார்கள். எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிந்து, பிறகு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை உண்டு. புகார் வந்ததற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால், “எஃப்.ஐ.ஆர். நகல் குடுங்க, இலவசமாத் தரணும்” என்று கேளுங்கள். வாக்குமூலம் வாங்கப் பெண் அதிகாரி உங்கள் வீட்டுக்கே வர வேண்டும், நீங்கள் வேறு இடம் சொன்னால் அங்கேயும் வரலாம்.

படத்தில் இடைவேளைக்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிடும். சட்டமும் புலன் விசாரணைக்கு இரண்டு மாதம், குற்றப்பத்திரிகை தாக்கலானபின் வழக்கு விசாரணைக்கு இரண்டு மாதம் என்றுதான் சொல்கிறது. நடப்பில் வருடங்கள் ஓடுகின்றன. அந்தப் பண்ருட்டி அம்மா ஒவ்வொரு வாய்தா தேதியையும் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தார். மகள் சாட்சி சொன்ன அன்று அப்படி ஒன்பது தாள் சேர்ந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. இரண்டு முறை தண்ணீர் கேட்டாள். ஒரு கேள்விக்கு மட்டும் ரொம்ப நேரம் பேசவில்லை, நீதிபதி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். பெரிய வசனம் எதையும் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவளே மெதுவாக, நடந்ததை நடந்தபடி சொன்னாள். வழக்கு இன்னும் முடியவில்லை.

உடனே உதவி வேண்டுமானால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, சட்ட உதவிக்கு 15100. வழக்கு முடியும்வரை காத்திருக்காமலே இடைக்கால இழப்பீடு கேட்கலாம். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு வழக்கறிஞர் இலவசம். போன் பண்ணத் தயக்கமாக இருந்தால் கோர்ட்டுக்கு வந்து, சட்ட உதவி ஆபீஸ் எங்கே என்று மட்டும் கேளுங்கள். எதற்கு என்று வாசலில் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.