ஸ்ரெப்ரெனிட்சாவில் சட்டம் எப்போது வந்தது?

போர்க்காலச் சட்டம் பற்றி வகுப்பெடுக்கும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார்: "சார், குண்டு விழும்போது இந்தச் சட்டம் யாரைக் காப்பாற்றியிருக்கிறது?" நியாயமான கேள்வி. மழுப்பாமல் நான் ஸ்ரெப்ரெனிட்சாவைப் பற்றித்தான் சொல்வேன்.

போஸ்னியாவில் இருக்கும் சிறிய ஊர் அது. 1993 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு சபை அதைப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. காவலுக்கு இருந்தவர்கள் லேசான ஆயுதங்களோடு சில நூறு டச்சு வீரர்கள். 1995 ஜூலை 11 அன்று போஸ்னிய செர்பியப் படை ஊருக்குள் நுழைந்தது. அடுத்த சில நாள்களில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. போரில் கைதிகளையும் சாதாரண மக்களையும் காக்க வேண்டிய ஜெனீவா உடன்படிக்கைகள் இருந்தன. இனப்படுகொலைக்கு எதிரான உடன்படிக்கை 1948-லேயே வந்துவிட்டது. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான போர்க்குற்றத் தீர்ப்பாயம்கூட அமைக்கப்பட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. எதுவும் அவர்களைக் காப்பாற்றவில்லை. இதை மறைத்துவிட்டுச் சட்டத்தின் பெருமையைப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

சரி, அப்புறம் என்ன நடந்தது? கொன்றவர்கள் தடயத்துக்குப் பயந்தார்கள். இரண்டு, மூன்று மாதங்களுக்குள் புதைகுழிகளை இயந்திரம் வைத்துத் தோண்டி, உடல்களை லாரிகளில் ஏற்றி வேறு இடங்களில் மறுபடி புதைத்தார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு, மூன்று குழிகளில் கிடைத்தது அதனால்தான். ஆனால் வானிலிருந்து எடுத்த படங்களில் கிளறிய மண் தெரிந்தது. பழைய குழியின் மண்ணும், கண்ணைக் கட்டிய துணியும், தோட்டா உறைகளும் புதிய குழியில் இருந்தவற்றோடு ஒத்துப்போயின. குற்றவியல் வழக்குகளிலேயே காலம் கழித்த எனக்கு, வழக்கின் உயிர் இந்த இடத்தில்தான் இருப்பதாகப் படுகிறது. போஸ்னிய செர்பியப் படையின் ஜெனரல் கிர்ஸ்டிச்சைத் தீர்ப்பாயம் 2001-ல் தண்டித்தபோது, அவருக்கு எதிராக நின்ற சான்றுகளில் இவையும் உண்டு.

தீர்ப்பாயத்துக்கென்று சொந்தமாக ஒரு போலீஸ்காரர்கூட இருந்ததில்லை. போஸ்னிய செர்பியப் படையின் தளபதி ராட்கோ ம்லாடிச் மீது 1995-லேயே குற்றம் சாட்டினார்கள். அவர் செர்பியாவில் பிடிபட்டது 2011-ல். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்பிய செர்பியாவுக்கு, அவரைப் பிடித்துக் கொடுக்கும்படி வந்த நெருக்கடி இல்லாவிட்டால் இன்னும் இழுத்திருக்கும். ஆயுள் தண்டனை 2021-ல்தான் உறுதியானது.

வழக்கு முடிய இத்தனை வருடம் ஆகலாம்; அதுவரை சான்று கெடாமல் இருக்க வேண்டும். அதனால் போர்முனை வீடியோ எதுவும் கைக்கு வந்தால், அதை வெட்டாதீர்கள், மேலே எழுத்தோ இசையோ சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரம், இடம் பற்றிய விவரங்கள் போய்விடும். மூலக் கோப்பை அப்படியே வையுங்கள். யார், எங்கே, எப்போது எடுத்தது என்று தெரிந்தால் தனியாக எழுதி வையுங்கள்.

ஸ்கார்ப்பியன்ஸ் என்ற செர்பியப் படைப்பிரிவினர், ஸ்ரெப்ரெனிட்சாவில் பிடிபட்ட ஆறு பேரைச் சுட்டுக் கொன்றதைத் தாங்களே வீடியோ எடுத்திருந்தார்கள். பிறகு பிரதிகளை அழிக்கச் சொன்னார்கள். ஒரு பிரதி தப்பியது. 2005-ல் ஹேக் நகரில் இருந்த அதே தீர்ப்பாயத்தில் அதைப் போட்டுக் காட்டினார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த ஒரு தாய் தன் மகனை அடையாளம் கண்டார். 2007-ல் பெல்கிரேட் நீதிமன்றம் நான்கு பேரைத் தண்டித்தது.