டீ ஆற்றத் தெரியாத டீ மாஸ்டர்

எழுத்தில் சொன்னதை வீடியோவாக்கித் தரும் ஏஐ கருவி ஒன்றில் முதல் தடவை உட்கார்ந்தபோது, நான் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். சாலையோரக் கடையில் ஒரு மாஸ்டர் டீ ஆற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஒரே வரியாகத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். சில நிமிடம் கழித்து ஐந்து நொடி வீடியோ வந்தது. ஆவி பறந்தது, பாய்லர் பளபளத்தது, மாஸ்டரின் தோளில் ஒரு துண்டுகூடக் கிடந்தது. துண்டை நான் கேட்கவே இல்லை. டீதான் வம்பு செய்தது. மேலே இருந்த குவளையிலிருந்து ஒரு முழத்துக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. மேல் குவளை காலியாகவும் இல்லை, கீழ் கிளாஸ் நிறையவும் இல்லை. நான்காவது நொடியில் மாஸ்டரின் சுண்டுவிரல் கிளாஸுக்குள் கரைந்து போனது.

கேட்காத துண்டு எப்படி வந்தது? கேட்ட டீ ஏன் சரியாக வரவில்லை? இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அது புரிந்தால் இந்தக் கருவிகளிடம் எப்படிக் கேட்பது என்பதும் பாதி புரிந்துவிடும்.

கணினி முதல் ஃபிரேமை வரைகிறது, அதைப் பார்த்து இரண்டாவதை வரைகிறது, கார்ட்டூன் போடுகிறவர்களைப் போல வரிசையாகப் போகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இன்று புழக்கத்தில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை அப்படி வேலை செய்வதில்லை. ஐந்து நொடியும் மொத்தமாக ஒரே சமயத்தில் உருவாகிறது. முதல் நொடி தெளியும்போதே கடைசி நொடியும் கூடவே தெளிகிறது.

தூர்தர்ஷன் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆன்டெனா காற்றில் திரும்பிக்கொண்டால் திரை முழுக்கப் புள்ளிகள் கொதிக்கும். ஒருவர் மாடியில் ஏறித் திருப்ப, கீழே இருந்து "வருது, வருது, நிறுத்து" என்று குரல் போக, புள்ளிகளுக்கு நடுவில் செய்தி வாசிப்பவரின் முகம் மெல்லத் தெரியும். இந்தக் கருவிகள் பின்பற்றும் டிஃப்யூஷன் என்ற முறையும் இப்படிப்பட்ட புள்ளிக் குப்பையில்தான் தொடங்குகிறது. ஒரு வித்தியாசம். அங்கே படத்தை அனுப்ப ஒரு நிலையம் இருந்தது. இங்கே அனுப்புகிறவர் யாரும் இல்லை. படமே இல்லாத குப்பையைப் பார்த்து, "இதில் ஒரு டீக்கடை மறைந்திருக்கிறது, மேலே படிந்த அழுக்கைத் துடை" என்று கணினியிடம் சொல்கிறோம். அதுவும் நம்பித் துடைக்கிறது.

துடைக்க அதற்கு யார் கற்றுக்கொடுத்தது? பயிற்சி தலைகீழாக நடக்கிறது. நல்ல வீடியோ ஒன்றை எடுத்து, அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகளைத் தூவுவார்கள். எந்தப் புள்ளி தூவியது, எது அசல் என்று கண்டுபிடிப்பதுதான் கணினிக்குக் கொடுக்கும் கணக்கு. எண்ணற்ற வீடியோக்களில் இதையே செய்யும்போது, உலகம் பார்வைக்கு எப்படி இருக்கும் என்பது அதற்குப் படிந்துவிடுகிறது. தண்ணீரில் விழுந்த மைத்துளி பரவிக் கலைவதை விவரிக்கும் இயற்பியலிலிருந்து எடுத்த யோசனை இது; பெயரும் அங்கிருந்து வந்ததுதான். 2015-ல் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி ஆய்வாளர்கள் இதை முன்வைத்தார்கள். நல்ல தரமான படங்கள் வரும் அளவுக்கு 2020-ல் பெர்க்லியில் வேறொரு குழு மெருகேற்றியது. 2022-ல் மெட்டாவும் கூகுளும் வீடியோவுக்குக் கொண்டுபோயின. 2024 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சோரா என்ற தன் வீடியோ மாடலைக் காட்டிய பிறகுதான் ஊரெல்லாம் பேச்சானது.

பயிற்சியில் ஒவ்வொரு வீடியோவோடும் அதன் விவரிப்பும் சேர்ந்தே போகிறது. டீக்கடை என்ற சொல்லோடு ஆவி, கண்ணாடி கிளாஸ், தோளில் துண்டு எல்லாம் அடிக்கடி சேர்ந்து வந்திருக்கும். நான் கடை, டீ என்று சொன்னவுடன் மீதி தானாக ஒட்டிக்கொண்டது. நம் எழுத்துக்கு அழுத்தம் கொடுக்க ஒரு தந்திரமும் உண்டு. ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் கணக்கை இரண்டு முறை போடுகிறார்கள்: நம் வரியைப் படித்துவிட்டு ஒன்று, படிக்காமல் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கி, அந்தத் திசையில் படத்தைத் தள்ளுகிறார்கள். கருவிகளில் கைடன்ஸ் என்று ஒரு அளவு இருக்கும். அது இந்தப் பெருக்கல்தான். அளவுக்கு மீறி ஏற்றினால் வண்ணங்கள் பொங்கல் வாழ்த்து அட்டை மாதிரி அடிக்க ஆரம்பிக்கும்.

இனி கொஞ்சம் எண்கள். இதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அலிபாபா 2025-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட வான் 2.1 என்ற மாடலை, அதாவது இப்படிப் பயிற்சி பெற்ற நிரலை, எடுத்துக்கொள்வோம். அதன் சிறிய வடிவம் 832-க்கு 480 பிக்சலில், நொடிக்கு 16 ஃபிரேம் வீதம் 81 ஃபிரேம் தருகிறது. சுமார் ஐந்து நொடி. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண் என்றால் மொத்தம் 9.7 கோடி எண்கள். இவ்வளவையும் துடைத்துக் கட்டாது. அதனால் முதலில் ஒரு சுருக்கப் பிரதிக்கு மாறுகிறார்கள். நீளத்தில் எட்டில் ஒன்று, அகலத்தில் எட்டில் ஒன்று, காலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒன்று. சுருக்கத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்றுக்குப் பதில் 16 எண் வைத்தாலும், மொத்த எண்கள் 21 லட்சத்துக்கு இறங்கிவிடும். துடைக்கிற வேலை முழுக்க இந்தச் சுருக்கத்தில்தான் நடக்கிறது. கடைசியில் ஒரு முறை விரித்து நமக்குக் காட்டுகிறார்கள்.

அடுத்தது, தட்டில் ஊற்றி ஆறவைத்த மைசூர்பாகை வில்லை போடுகிற வேலை. ஒவ்வொரு வில்லையும் 16 பிக்சல் நீளம், 16 பிக்சல் அகலம். கனம்தான் காலம்: நான்கு ஃபிரேம். மொத்தம் 32,760 வில்லைகள். ஒவ்வொரு வில்லையும் மற்ற எல்லா வில்லையையும் பார்த்து, "நீ அங்கே என்னவாக இருக்கிறாய், அப்படியானால் நான் இங்கே என்னவாக இருக்க வேண்டும்" என்று கேட்டுக்கொள்கிறது. இதற்கு அட்டென்ஷன் என்று பெயர். முதல் நொடியில் மாஸ்டர் போட்ட நீலச் சட்டை ஐந்தாவது நொடியிலும் நீலமாக இருப்பது இந்த விசாரிப்பால்தான். 32,760-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 107 கோடி. மாடலுக்குள் கணக்கு ஒன்றன்பின் ஒன்றாக 30 அடுக்கில் நடக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் இத்தனை விசாரிப்பு. துடைப்பது 50 தடவை, அதுவும் தடவைக்கு இரண்டு கணக்கு.

வீடியோ ஏன் ஐந்து நொடி, எட்டு நொடியோடு நின்றுவிடுகிறது என்பது இப்போது தெரிந்திருக்கும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் விசாரிப்பு நாலு மடங்காகும். இந்தச் சிறிய மாடலை 8 ஜிபி சொச்சம் நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டில் ஓட்டிவிடலாம். ஆனால் என்விடியாவின் 4090 போன்ற பெரிய கார்டிலேயே அந்த ஐந்து நொடிக்கு ஏறக்குறைய நாலு நிமிடம் ஆகிறது. வாடகைக் கணினியில் ஓடும் இணையக் கருவிகள் ஒவ்வொரு வீடியோவுக்கும் கிரெடிட் கழிப்பதில் ஆச்சரியமில்லை.

டீக்கு வருவோம். இந்தக் கணக்குகளில் எந்த இடத்திலும் கொள்ளளவு என்று ஒன்று இல்லை. மேலே குறைந்தது கீழே கூட வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. டீ ஆற்றும் காட்சி எப்படித் தெரியும் என்பது மட்டும் கணினிக்குப் பழக்கம். அந்தக் காட்சியில் கண்ணை இழுப்பது நடுவில் தொங்கும் ஒழுக்குதான். அதை அருமையாகப் போட்டுவிட்டது. கிளாஸில் மட்டம் ஏறுவதோ மாஸ்டரின் கை பாதி மறைத்த சின்ன விஷயம். விரலும் அப்படித்தான். 16 பிக்சல் வில்லைக்குள் சுண்டுவிரலும் கிளாஸின் விளிம்பும் ஒன்றாக அடங்கிவிட்டால், எது எது என்று பிரிப்பது பெரும்பாடு. புதிய மாடல்கள் இதில் நிறையத் தேறிவிட்டன. ஆனாலும் கைகள் கூடும் இடத்தில் கண் வைத்துப் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பிராம்ப்டை, அதாவது கருவியிடம் கேட்கும் வரியை, கதையாக எழுதாமல் கேமரா பார்ப்பதை எழுத வேண்டும். "பல வருடமாக இந்தக் கடையை நடத்தும் களைத்துப்போன மனிதர்" என்பதில் படமாகத் தெரிவது களைப்பு மட்டும். "ஐம்பது வயது, நரைத்த மீசை, நீலச் சட்டை, இடதுபக்கம் விடியற்காலை வெளிச்சம், இடுப்பளவில் அசையாத கேமரா, கிளாஸை மெதுவாக நீட்டுகிறார்" என்றால் ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலை செய்யும். பயிற்சிக்கு உதவிய விவரிப்புகள் பலவற்றை இன்னொரு ஏஐ இந்த நடையில்தான் எழுதியது. சோரா குழு அதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஐந்து நொடிக்கு ஒரு செயல் போதும். டீ ஆற்றி, காசு வாங்கி, சில்லறை கொடுத்து என்று மூன்றை அடைத்தால் மூன்றும் அரைகுறையாகும்.

"கூட்டம் இருக்கக் கூடாது" என்று எழுதிப் பாருங்கள், கூட்டம் வந்து நிற்க வாய்ப்பு அதிகம். குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதைதான். விவரிப்புகள் படத்தில் இருப்பதைச் சொல்லுமே தவிர இல்லாததைச் சொல்வது அபூர்வம். "காலியான தெரு" என்று எழுதுங்கள்.

சீட் என்று ஒரு எண் பெட்டி பல கருவிகளில் இருக்கும். தொடக்கப் புள்ளிக் குப்பை எது என்பதை அந்த எண் தீர்மானிக்கிறது. மற்ற அமைப்புகளும் அப்படியே இருந்தால், அதே எண்ணும் அதே வரியும் ஏறக்குறைய அதே வீடியோவைத் தரும். எண்ணைப் பிடித்துவைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லை மாற்றினால் அந்தச் சொல் என்ன செய்கிறது என்று தெரியும். இதைச் செய்யாமல் நான் விட்ட கிரெடிட் கொஞ்சமல்ல.

இன்னொன்று, முதலில் அசையாத படம் ஒன்றை உருவாக்கி, திருப்தி வந்த பிறகு அதை முதல் ஃபிரேமாகக் கொடுத்து அசையச் சொல்வது. முகம், சட்டை, வெளிச்சம் பற்றிய தீர்மானமெல்லாம் படத்திலேயே முடிந்துவிடும். அசைவு மட்டும்தான் பாக்கி. படத்துக்குச் செலவும் குறைவு. அந்தப் படம் அறிமுகமானவரின் புகைப்படமாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் நானும் அந்த வழியில் மறுபடி முயன்றேன். டீ ஆற்றுவதைக் கேட்கவில்லை. ஆற்றி முடித்து, நுரை தளும்பும் கிளாஸை மாஸ்டர் நம் பக்கம் நீட்டுகிற அந்த ஒரு கணத்தைக் கேட்டேன். ஐந்து விரலும் ஒழுங்காக இருந்தன, நுரை லேசாக ஆடியது, ஆவி சரியான பக்கம் போனது. அசையாத படத்தில் துண்டு இல்லை. நானே பார்த்துப் பார்த்து எடுத்திருந்தேன். மூன்றாவது நொடியில் மாஸ்டர் லேசாகத் திரும்பியபோது, அதுவரை மறைந்திருந்த தோளில் அது தொங்கியது.