சுங்குடிச் சாயமும் பயாஸ் சில்லும்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் இருப்பது பி450 மதர்போர்டு, ரைசன் 3 2200ஜி. புதிதாக ரைசன் 5 5600 வாங்கிப் பொருத்தினேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பயாஸ் அப்டேட் பண்ணணும் என்கிறார்கள். கடையில் கேட்டால், 'பாதியில கரண்ட் போனா போர்டு செத்துரும், நாங்க பொறுப்பில்ல' என்கிறார்கள். நல்ல நேரம் பார்த்துச் செய்யச் சொல்கிறார் அப்பா. அந்தப் பாதியில் அப்படி என்னதான் நடக்கிறது?"

கடைக்காரர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்த ஆபத்து எங்கே, எத்தனை நிமிடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதைப் பெரும்பாலும் அடைத்துவிடலாம்.

மதர்போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு கறுப்புச் சில்லு இருக்கும். உடம்பு 5 மில்லிமீட்டர் சதுரம்தான். அதில் இருக்கும் நிரல்தான் பயாஸ். இப்போது வருவதெல்லாம் யூஇஎஃப்ஐ வகை என்றாலும் பழைய பெயரே பழகிவிட்டது. கரண்ட் வந்ததும் செயலி முதல் கட்டளையைத் தேடிப் போகும் இடம் 4 ஜிபி முகவரி எல்லைக்குச் சரியாக 16 பைட்டு கீழே இருக்கிறது. அந்த முகவரி இந்தச் சில்லின் கடைசிப் பகுதியைத்தான் காட்டும். இப்போதைய போர்டுகளில் அதற்கும் முன்பே ஒரு சிறு பாதுகாப்புச் செயலி விழித்துக்கொள்கிறது. அதற்கான நிரலும் இதே சில்லில்தான். உங்கள் புதுச் செயலி இருட்டாக நிற்பதற்குக் காரணம் இதுதான்: அதை எழுப்பத் தேவையான சிறுநிரல் உங்கள் பழைய பயாஸில் இல்லை. செயலியிலும் பழுதில்லை, போர்டிலும் பழுதில்லை.

சில்லு எப்படி எழுதப்படுகிறது என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்வது எளிது. சுங்குடிச் சேலையில் வெள்ளைத் துணியைச் சிறு சிறு முடிச்சாக நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். முடிச்சுப் போட்ட இடம் வெள்ளையாகவே நிற்கும், மற்றதெல்லாம் சாயம் ஏறும். வெள்ளையைச் சிவப்பாக்கலாம். ஆனால் சிவப்பேறிய ஒரே ஒரு புள்ளியை மட்டும் மறுபடி வெள்ளையாக்க முடியாது. புது வடிவம் வேண்டுமென்றால் முழுத் துணியையும் வெளுத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பயாஸ் குடியிருக்கும் இந்த ஃப்ளாஷ் சில்லும் அப்படித்தான். வெளுத்த நிலையில் எல்லா பிட்டும் 1. எழுதுவது என்றால் தேவையான இடங்களில் 1-ஐ 0 ஆக்குவது. 1 ஆகவே இருக்க வேண்டிய பிட்டுகள் முடிச்சுப் போட்டதுபோல் தப்பித்துக்கொள்ளும். எந்த 0-வையும் தனியாக 1 ஆக்க முடியாது. 4,096 பைட்டு கொண்ட ஒரு கட்டத்தை மொத்தமாக வெளுக்க வேண்டும். பழைய பயாஸ் மேல் புது பயாஸை அப்படியே எழுத முடியாததன் காரணம் இந்த ஒருவழித்தன்மை. முதலில் பழையது அழிய வேண்டும், பிறகுதான் புதியது வரும்.

இங்கே சாயம் எலக்ட்ரான். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு ட்ரான்சிஸ்டர். அதன் நடுவே எந்தக் கம்பியோடும் சேராமல், நாலாபுறமும் கண்ணாடி போன்ற ஆக்சைடு சூழ்ந்த ஒரு சிறு சிலிக்கான் தீவு இருக்கிறது. எழுதும்போது கீழே ஓடும் எலக்ட்ரான்களை வேகம் கூட்டி ஆக்சைடு தாண்டி அந்தத் தீவுக்குள் ஏற்றிவிடுகிறார்கள். ஏறியவை இறங்க வழியில்லாமல் கரண்ட் இல்லாமலே 20 வருடம்கூட அங்கே கிடக்கும். தீவில் எலக்ட்ரான் நிறைந்திருந்தால் 0, காலியாக இருந்தால் 1.

அழிப்பது இன்னும் அழகு. தீவுக்குக் கீழே உள்ள ஆக்சைடின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். அதன் குறுக்கே 10 வோல்ட் கொடுத்தாலே மின்புலம் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் ஆகிவிடுகிறது. அந்த இழுப்பில் எலக்ட்ரான்கள் சுவரைத் தாண்டிக் குதிப்பதில்லை, சுவருக்குள்ளேயே ஊடுருவி வெளியே வருகின்றன. பந்து சுவரை ஊடுருவாது. எலக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்வதால் அதற்கு இந்த வழி திறந்திருக்கிறது. சில்லுக்கு வெளியிலிருந்து கிடைப்பது 3.3 வோல்ட்தான், சில வகைகளுக்கு 1.8 மட்டுமே. தேவையான அழுத்தத்தைச் சில்லே தனக்குள் பம்ப் செய்து ஏற்றிக்கொள்கிறது. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா இந்த நினைவகத்தை உருவாக்கி 1984-ல் கட்டுரையாக வெளியிட்டார். ஒரு கட்டம் முழுதும் ஒரே நொடியில் வெளுப்பது கேமரா ஃப்ளாஷை நினைவூட்டியதால்தான் அந்தப் பெயர்.

இப்படி ஊடுருவி வருவதற்கான கணக்கை 1928-லேயே போட்டவர்கள் ரால்ஃப் ஃபவுலர், லோதர் நார்டைம் என்ற இயற்பியலாளர்கள். அப்போது ட்ரான்சிஸ்டர்கூடக் கிடையாது. வலிமையான மின்புலம் குளிர்ந்த உலோகத்திலிருந்து எலக்ட்ரானை எப்படி இழுக்கிறது என்ற கேள்வி மட்டுமே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. 1930-ல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துக் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகர், கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தது இதே ஃபவுலரிடம்தான். "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்கான பணத்தை வெட்டுகிறவர்கள் இந்த எட்டுக்கால் சில்லை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கும் அந்தப் பணம் வந்தே ஆக வேண்டும்.

இப்போது நேரக் கணக்கைப் பார்ப்போம். உங்கள் வகை போர்டில் பெரும்பாலும் 16 எம்பி சில்லு இருக்கும். 4 கேபி கட்டங்களாகப் பார்த்தால் 4,096 கட்டம். ஒன்றை அழிக்கச் சுமார் 45 மில்லிசெகண்ட் என்றால் அழிக்க மட்டும் மூன்று நிமிடம். 64 கேபி பெரிய கட்டங்களாக அழித்தால் 256 கட்டம், தலா 150 மில்லிசெகண்ட், 40 நொடிக்குள் முடிந்துவிடும். அதன்மேல் எழுதுவதற்கும், எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பதற்கும் ஆகும் நேரம். கடைக்காரர் பயப்படும் 'பாதி' இந்தச் சில நிமிடங்கள்தான். இதற்குள் கரண்ட் போனால் சில கட்டங்களில் பழையது, சிலவற்றில் புதியது, நடுவே வெளுத்த இடங்கள் என்று நின்றுவிடும். முதல் கட்டளை இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தால் செயலிக்குக் கிடைப்பது வெறும் 1-களின் வரிசை. அது எந்தக் கட்டளையும் அல்ல. அழிக்கும் அந்த 45 மில்லிசெகண்டுக்குள்ளேயே நின்றுபோன கட்டம் இன்னும் மோசம்: தீவுகளில் எலக்ட்ரான் அரைகுறையாக இருப்பதால் ஒரே பிட் ஒருமுறை 0, மறுமுறை 1 என்று மாறிமாறித் தெரியும்.

அப்பாவின் அக்கறை புரிகிறது. ஆனால் ராகு காலத்துக்கும் ஆக்சைடு சுவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது பத்திரிகையில் வரும் மின்தடை அறிவிப்பு. துணைமின் நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் உங்கள் பகுதி பெயர் இருந்தால் அன்று தொட வேண்டாம். கத்திரி வெயில் நாட்களில் மாலைக் காற்றும் இடியும் வந்து ஃபீடர் ட்ரிப் ஆகும் நேரத்திலும் வேண்டாம். விடிகாலை நல்லது. ஏசியும் மோட்டாரும் குறைவாக ஓடும் நேரம், வோல்டேஜும் பெரும்பாலும் நிலையாக இருக்கும்.

எந்த நேரமானாலும் யுபிஎஸ் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் அதன் பின்புறம் உள்ள சுவிட்சைப் பாருங்கள். சாதாரண மோடில் இருந்தால் கரண்ட் போகும்போது இன்வெர்ட்டருக்கு மாற எடுக்கும் இடைவெளியை ஃபேனும் லைட்டும் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ் தன்னிடமுள்ள கெப்பாசிட்டரை வைத்துத் தாக்குப்பிடிப்பது முழுச் சுமையில் சுமார் 16 மில்லிசெகண்ட்தான். யுபிஎஸ் மோடுக்கு மாற்றிவிட்டு, பயாஸ் திரையில் சும்மா நின்றுகொண்டே, யுபிஎஸ்ஸுக்கோ இன்வெர்ட்டருக்கோ கரண்ட் தரும் சுவர் சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். திரை அசையாமல் இருந்தால் வேலையை ஆரம்பிக்கலாம். பல வருடப் பழைய யுபிஎஸ் பேட்டரி பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே இந்தச் சோதனையில் விழுந்துவிடும்.

கோப்பு விஷயத்தில் நடக்கும் தவறு கரண்டால் நடப்பதைவிடக் குறைவல்ல. போர்டின் முழுப் பெயரை அட்டைப்பெட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், போர்டின் மேலேயே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பி450எம் என்று ஆரம்பிக்கும் பெயர்கள் ஒரே கம்பெனியில் பல இருக்கும். ஜிகாபைட் போர்டானால் ஓரத்தில் உள்ள ரெவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும். தயாரிப்பாளரின் தளத்தில் செயலிப் பட்டியலில் ரைசன் 5 5600-க்கு நேரே எந்த பயாஸ் பதிப்பு என்று போட்டிருக்கும். அதுவோ அதற்குப் பிந்தியதோ போதும். பதிப்புக் குறிப்புகளையும் படியுங்கள். இடையில் வேறொரு பதிப்பைப் போட்டுவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும் என்றோ, இதற்குப் பிறகு பழையதற்குத் திரும்ப முடியாது என்றோ எழுதியிருப்பார்கள். 16 எம்பி போதாமல் சில பழைய செயலிகளுக்கான நிரலையே கழற்றிவிட்ட பதிப்புகளும் உண்டு.

பென்டிரைவ் 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவாக இருக்கட்டும், ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்து, ஜிப்பை விரித்து உள்ளே இருக்கும் கோப்பை மட்டும் போடுங்கள். பின்பக்க யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து ஓடும் அப்டேட் மென்பொருளைத் தவிர்த்து, பயாஸிலேயே இருக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள்: ஏசுஸில் ஈஸி ஃப்ளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃப்ளாஷ், ஜிகாபைட்டில் கியூ-ஃப்ளாஷ், ஏஎஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃப்ளாஷ். விண்டோஸில் நடுவே ஆன்டிவைரஸோ, தூங்கப்போகும் அமைப்போ, நீலத்திரையோ குறுக்கிட வாய்ப்புண்டு.

அதற்கு முன் இரண்டு வேலை. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் தற்காலிகமாக நிறுத்தி, 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பிறகு பயாஸ் அமைப்புகளைப் பக்கம் பக்கமாக போனில் படம் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். அப்டேட் நடக்கும்போது புதுக் கோப்பு முழுவதும் ரேமில்தான் இருக்கிறது. வேகம் கூட்டிய ரேமில் ஒரு பிட் பிசகினாலும் அந்தப் பிசகு அப்படியே சில்லுக்குள் போய்விடக்கூடும்.

இந்த ரேம் விஷயத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. எழுதும் நிரலும் ரேமில் ஓடுவதால்தான் சில்லு வெளுத்துக் கிடக்கும்போதும் திரையில் சதவீதம் நகர்கிறது. ஆகவே பாதியில் பிழை என்று காட்டினால் உடனே அணைக்காதீர்கள். திரை உயிரோடு இருக்கும்வரை அதே மெனுவிலிருந்து மறுபடி எழுத முயலலாம். கோடு நகராமல் நின்றாலும் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். முடிந்தபின் முதல் தடவை எழும்போது ரேமைப் புதிதாகப் பழக்குவதற்காகத் திரை இருட்டாகவே இருக்கும், தானாக இரண்டு மூன்று முறை அணைந்தும் எழும். டிடிஆர்5 போர்டுகளில் இது சில நிமிடம்வரை நீளும். பதற்றத்தில் சுவிட்சை அணைக்கக் கூடாது.

எழுந்தபின் விண்டோஸ் வரவில்லை என்றால் முதலில் எடுத்த படங்களைப் பாருங்கள். பழைய லெகசி முறையில் போட்ட விண்டோஸ், அந்த முறைக்கு இடம்கொடுக்கும் சிஎஸ்எம் அமைப்பு அணைந்ததும் எழாது. டிஸ்க்கை அணுகும் முறையான ரெய்டு, ஏஹெச்சிஐ அமைப்பு மாறினாலும் நீலத்திரை வரும். டேட்டா எங்கும் போகவில்லை, அமைப்பை மாற்றினால் வந்துவிடும்.

அப்படியும் சில்லு கெட்டுவிட்டால்? சில போர்டுகளில் பின்பக்கம் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருக்கும். அதன் பின்னால் உள்ள சிறு கன்ட்ரோலர், செயலியே இல்லாமல் குறிப்பிட்ட யுஎஸ்பி போர்ட்டிலிருந்து படித்து நேரடியாகச் சில்லில் எழுதும். கையேடு சொல்லும் பெயரில் கோப்பை மாற்றி வைக்க வேண்டும், அதில் ஓர் எழுத்து தவறினாலும் அது கண்டுகொள்ளாது. பொத்தான் இல்லாவிட்டால், வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து சில்லில் எழுத உதவும் சிஎச்341ஏ ப்ரோகிராமர் பலகையும் எட்டுக்கால் கிளிப்பும் வேண்டும். பவர் கேபிளையும் சிஆர்2032 பேட்டரியையும் கழற்றி, சில்லின் மூலையில் உள்ள புள்ளிக்கு நேரே கிளிப்பின் சிவப்புக் கம்பி வரும்படி மாட்ட வேண்டும். சில்லு 1.8 வோல்ட் வகையா என்று அதன் எண்ணைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அதற்குத் தனி அடாப்டர் இல்லாமல் மாட்டினால் சில்லு போய்விடும். மலிவான கறுப்பு சிஎச்341ஏ பலகைகள் சிக்னல் கால்களில் 5 வோல்ட் அனுப்பும் குறை உள்ளவை, 3.3 வோல்ட்டுக்குத் திருத்தியதைக் கேட்டு வாங்குங்கள். எழுதுமுன் சில்லை இரண்டு முறை படித்து இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை. அந்தப் பழைய பிரதியைத் தூக்கிப் போடாதீர்கள். போர்டின் சீரியல் எண்ணும், பல போர்டுகளில் நெட்வொர்க் முகவரியும், லேப்டாப்பானால் விண்டோஸ் சாவியும் அதற்குள்தான் இருக்கின்றன.

உங்கள் விஷயத்தில் பழைய 2200ஜியைத் திரும்ப மாட்டி, அதை வைத்தே அப்டேட் செய்யுங்கள். பழைய செயலியோடு ஒருமுறை எழுந்து, பயாஸ் முகப்பில் புதுப் பதிப்பு எண் தெரிந்தபின் அணைத்து, தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதியதை வையுங்கள். ஒன்று கவனம்: 2200ஜிக்குள் கிராஃபிக்ஸ் உண்டு, 5600-க்குள் கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் கேபிளைச் செருகியிருந்தால் பயாஸ் சரியானபின்பும் திரை இருட்டாகத்தான் இருக்கும். கார்டு போட்டு எழுப்பும்போது, பிட்லாக்கர் போன்றவற்றின் சாவியைக் காக்கும் எஃப்டிபிஎம் பற்றி ஒரு கேள்வி வந்து, 'ஒய்' அல்லது 'என்' அழுத்தச் சொல்லும். பிட்லாக்கரை நிறுத்தி, சாவியை எழுதி வைத்திருந்தால் தயங்காமல் 'ஒய்' அழுத்துங்கள்.